இருபது கிலோ ஒளிப்படக் கருவி

"அது பொய்னு நீங்க சொல்லணும்" என்றாள் வந்தவள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த துப்பறிவாளியை ஊரில் எல்லோரும் சல்லடை என்றுதான் அழைத்தார்கள். வதந்தியை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் உமி வேறு, அரிசி வேறாகப் பிரித்துத் தந்துவிடுவாள் என்று பத்திரிகைக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறு. தேடி வருகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு வேறு குடும்பம் இருக்கிறதாம், பொய் என்று சொல். அண்ணன் என் கையெழுத்தைப் போட்டுவிட்டானாம், பொய் என்று சொல். சலித்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மைதான் மிஞ்சும். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போகும் முதுகுகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஏதோ ஒன்று தேய்ந்திருந்தது. ஒருத்தியிடமாவது, 'ஆமாங்க, பொய்தாங்க, நிம்மதியாப் போங்க' என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஆசை. இந்தத் தொழிலில் அப்படியோர் ஆசை இருக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

"முதல்ல உட்காருங்க. எது பொய்?"

வந்தவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து விரித்தாள். முதல் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கொட்டை எழுத்து: 'பழைய இரும்புக்கடையில் யுரேனியம்! கடைக்காரர் கைது! ஊரை அழிக்கச் சதியா?'

"ரெண்டு ஆச்சரியக்குறி, ஒரு கேள்விக்குறி" என்றது ஜன்னலோரத்துக் குரல். "உண்மை உட்கார இடமே விடலை பாஸ்."

அது பிளாஷ். கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். எல்லார் கையிலும் கைப்பேசி வந்ததும் ஸ்டுடியோவை மூடிவிட்டு அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்தான். நாற்பதைத் தாண்டியும் அவன் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

"அவர்தான் என் வீட்டுக்காரர்" என்றாள் கடைக்காரரின் மனைவி. "இரும்பையும் பித்தளையையும் தவிர வேற எதுவும் தெரியாதுங்க அவருக்கு. போன வாரம் பிடிச்சுட்டுப் போனாங்க. அன்னையிலிருந்து தெருவுல ஒரு ஆள் முகம் கொடுத்துப் பேசலை. எதிர்வீட்டுக்காரி, பதினஞ்சு வருஷப் பழக்கம், நான் நடந்துபோன இடத்துல தண்ணி ஊத்திக் கழுவுறா. பால்காரர் தெருமுனையிலேயே திரும்பிப் போயிடறார். அவரை வெளியே எடுக்கணும். எங்க தெரு எங்ககிட்ட மறுபடி பேசணும். அவ்வளவுதான் வேணும்."

சொல்லும்போது வலது உள்ளங்கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"கையில என்ன?"

"அடுப்புல எங்கேயோ சுட்டிருக்கும். எதுவும் நினைப்புல இல்லை. சாப்பிட்டது வயித்துல நிக்கலை, ராத்திரி தூக்கமும் இல்லை." குரலைத் தணித்துக்கொண்டாள். "அவருக்குத் தொடையில பெரிய தீக்காயம். ஸ்டேஷன்ல சூடு போட்டிருக்காங்க. கேட்டா, யாரும் தொடலைங்கறார். பயந்துபோய்ச் சொல்றார்."

மேசையில் கிடந்த சாவிக்கொத்தைப் பிளாஷ் எட்டிப் பார்த்தான். சாதாரண இரும்புச் சாவிகள். ஆனால் அவற்றைக் கோத்திருந்த கம்பி நகை மாதிரி பளபளத்தது. விரல் நீள முறுக்குக் கம்பி, ஒரு நுனியில் சின்னதாக ஒரு குப்பி.

"சாவியைவிடக் கொத்து அழகா இருக்கே."

இத்தனை நேரத்தில் முதன்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "அவர் போட்டுக் கொடுத்தது. கடையில பளபளன்னு எது கிடைச்சாலும் எனக்குன்னு எடுத்து வச்சுடுவார்."

அவள் போன பிறகு பிளாஷ் கைப்பேசியில் வந்து குவிந்திருந்ததையெல்லாம் வாசித்தான். ஏரித் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டதாம். காற்று வழியாக யுரேனியம் பரவுகிறதாம். மீன்கள் செத்து மிதக்கின்றனவாம், படமும் இருக்கிறதாம்.

"படத்தைக் காட்டு."

"காட்டவே வேண்டாம் பாஸ். இந்த மீனெல்லாம் போன வருஷமே செத்துடுச்சு. ஓரத்துல பாருங்க, ஒத்தச் செருப்பு, அறுந்த பச்சை வார். போன வருஷம் சாயப்பட்டறைத் தண்ணி கலந்தப்ப வந்த படத்துலயும் இதே செருப்பு இதே இடத்துல கிடந்துச்சு. மீன் வேணா மறுபடி சாகும். செருப்பு எப்படி மறுபடி அதே இடத்துல அறும்?"

அவள் சிரித்தாள். ஒன்று கழிந்தது. மற்றதும் கழிந்துவிடும் என்று மனம் அப்போதே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டது.

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கடைக்காரரின் மனைவியைவிட நொந்துபோயிருந்தார்.

"நாங்க அவன்மேல கையே வைக்கலை மேடம். ஆனா டிவிக்காரன் சூடு போட்டோம்னு சொல்றான். என் மாமியார் போன் பண்ணி, 'மாப்பிள்ளை, உங்களுக்கு ஏன் இந்த வேலை'ன்னு கேக்கறாங்க."

மூலையில், யாரும் நெருங்காத ஒரு மேசையில், அந்தக் கட்டி இருந்தது. சாம்பல் நிறம். தேங்காய் அளவுதான், தூக்கப்போனால் கை கழன்றுவிடும்போல் கனம். பக்கத்தில் அதை மூடியிருந்த எஃகுக் கூடு, வெட்டிப் பிளந்த நிலையில். அதில் ஒட்டியிருந்த தகடு பாதிக்குமேல் சிதைந்து, 'யுரேனியம்' என்ற சொல் மட்டும் பிழைத்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர் அதை வாசித்துவிட்டு டிவிக்குப் போன் போட, ஒற்றைச் சொல்லுக்குக் கை கால் முளைத்து ஊரெல்லாம் ஓடிவிட்டது.

சல்லடை தன்னோடு பள்ளியில் படித்த தோழியை வரவழைத்திருந்தாள். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. ஆய்வுக்கூடத்திலிருந்து கதிர்வீச்சை அளக்கும் பழைய மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டியருகே நீட்டியதும் டிக்... டிக்... என்று சோம்பலாகச் சத்தம் கேட்டது.

"யுரேனியம்தான்" என்றாள் பேராசிரியை. இன்ஸ்பெக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "பயப்படாதீங்க சார். இது சக்கை. வேண்டியதைப் பிழிஞ்சு எடுத்துட்டு ஒதுக்கின மிச்சம். குண்டு செய்யவும் ஆகாது, ஊரை அழிக்கவும் ஆகாது. ஈயத்தைவிடக் கனம்ங்கறதால எடைக்கட்டியா வைப்பாங்க. அறுத்துப் பொடியாக்கித் தின்னாதான் ஆபத்து."

"இந்தத் துளை?" என்று கேட்டாள் சல்லடை. கட்டியின் ஒரு பக்கத்தில் நுழைந்த துளை நேராகப் போகாமல், உள்ளே பாம்பாக நெளிந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"கயிறு கோத்துத் தொங்கவிட இருக்கும்."

கம்பிகளுக்குப் பின்னால் கடைக்காரர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர்.

"ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க மேடம். பழைய மெஷின்னாங்க. வாங்கி வெட்டினேன். உள்ளே இந்தக் கட்டி."

"வேற எதுவும் இருந்துச்சா?"

"வேற ஒண்ணுமில்லைங்க. துளைக்குள்ள ஒரு துண்டுக் கம்பி..."

"கம்பி எண்ணுறவர்கிட்ட போய்க் கம்பியைப் பத்திக் கேக்கறீங்களே பாஸ்" என்றான் பிளாஷ்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். கடைக்காரரும் சிரித்தார், பாவம். சல்லடையும் சிரித்தாள். கம்பி அந்தச் சிரிப்பில் கரைந்துபோயிற்று.

"கால்ல என்ன?"

"தெரியலை மேடம். சத்தியமா யாரும் அடிக்கலை. பூச்சி கடிச்ச மாதிரி சிவப்பா ஆரம்பிச்சுது, இப்பக் கொப்பளமா வெடிச்சுப் புண்ணாயிடுச்சு."

அவர் கண்கள் இன்ஸ்பெக்டர் பக்கம் ஒருமுறை போய் வந்தன. பயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பயந்தவன் எங்கே பார்ப்பான் என்பதை அவள் படித்திருந்தாள். உண்மை சொல்கிறவனும் அங்கேதான் பார்ப்பான் என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த நேரத்தில் கடைக்காரரின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். கட்டி இருந்த மேசையைத் தாண்டித்தான் கம்பிக்கதவுக்குப் போக வேண்டும். பேராசிரியை வழிவிட்டு ஒதுங்கினாள். கையிலிருந்த மீட்டர் டிக்டிக்கென்று ஒரு கணம் படபடத்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"மீட்டருக்கே தூக்கம் வந்துடுச்சு" என்றான் பிளாஷ்.

பேராசிரியை அதைத் தட்டினாள், குலுக்கினாள். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. "பேட்டரி போச்சு. போகட்டும். பார்த்தவரைக்கும் போதும்."

போதும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

வாசலில் கேமராக்கள் காத்திருந்தன. சல்லடை பொதுவாக அவற்றுக்கு முன்னால் நிற்பதில்லை. அன்று நின்றாள். "அது வெறும் சக்கை. யாருக்கும் ஆபத்து இல்லை. கடைக்காரர் நிரபராதி. தயவுசெஞ்சு வதந்தியை நம்பாதீங்க, பரப்பாதீங்க" என்றாள். திரும்பி, படியோரத்தில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"பொய்ங்க. எல்லாம் பொய். நிம்மதியாப் போங்க."

அந்தப் பெண் அழுதாள். சல்லடை வீடு வரும்வரை தானே விடுதலையானது போல் நடந்தாள்.

*

மறுநாள் காலை கடைக்காரரை விட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் பிளாஷ் மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாள்களைக் கட்டிப் போடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தான்.

"பாஸ், நம்ம தொழில்ல எனக்குத் தெரியாத ஒண்ணு வந்திருக்கு. கேளுங்க. 'நெடுஞ்சாலையில் நிறுத்தப்பட்டிருந்த வாகனத்திலிருந்து இருபது கிலோ எடையுள்ள ஒளிப்படக் கருவி திருட்டு. தனியார் நிறுவனம் புகார்.' அவ்வளவுதான் செய்தி. மூக்குக்கண்ணாடி விளம்பரத்துக்குக் கீழே, கடுகளவு."

"அதுக்கு என்ன?"

"இருபது கிலோ கேமரா பாஸ்! அதைக் கழுத்துல மாட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போனா, மாப்பிள்ளைக்கு முன்னாடி நான்ல தலை குனிஞ்சு நிப்பேன்? என் முதலாளிகிட்ட இருந்த பெட்டிக் கேமராகூட நாலு கிலோதான். இதைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும்."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன சொன்னே?"

"மாப்பிள்ளைக்கு முன்னாடி..."

"அது இல்லை. தூக்க எத்தனை ஆள்?"

பிளாஷ் காலைக் கீழே இறக்கினான். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க மேடம். இருவர் காதிலும் அந்த மரியாதையான குரல் ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும்.

செய்தித்தாள் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. அந்தத் துண்டுச் செய்தியை எழுதியவரை அங்கே தூயவர் என்பார்கள். அவர் மேசையைத் தாண்டி ஒரு பிறமொழிச் சொல் உயிரோடு போகாது. ஐஸ்கிரீம் கேட்டுப் போன கடையில் பனிக்கூழ் கேட்டு, கூழ் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தவர்.

"தொலைபேசியில் வந்த செய்திதான் அம்மா" என்றார். "அந்த நிறுவனத்தார், 'கேமரா திருட்டுப் போச்சு'ன்னார். நாங்க அப்படியே போடுவதில்லையே. ஒளிப்படக் கருவின்னு திருத்தினேன்."

"அவங்க என்ன தொழில் பண்றாங்க?"

"குழாய் பதிக்கிற இடங்கள்ல பற்றவைப்பு சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்றவங்களாம். இரும்புக்குள்ள படம் எடுப்பாங்களாம். இடம் இல்லை, அதை வெட்டிட்டேன்."

"இரும்புக்குள்ள படமா? எந்த வெளிச்சத்துல எடுப்பாங்க சார்?" என்றான் பிளாஷ். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

தூயவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுநாள் அந்த ஆள் மறுபடி கூப்பிட்டார். கொஞ்சம் பதற்றமாத்தான் இருந்தார். 'அது நீங்க நினைக்கிற கேமரா இல்லை சார், மாத்திப் போடுங்க'ன்னார். நம்ம தமிழைக் குறை சொல்றார்னு நினைச்சுட்டேன். எங்க வாசகருக்குக் கேமரான்னா ஒளிப்படக் கருவிதான்யான்னு சொல்லி வச்சுட்டேன். அப்புறம் அவர் கூப்பிடலை."

கூப்பிட்டிருக்க மாட்டார். உரிமம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். காவல் நிலையத்திலும் கேமரா என்றே எழுதிக்கொடுத்து, கேமராத் திருட்டாகவே அந்தப் புகார் வேறு ஏதோ நிலையத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே சொல். தொழிலாளி வாயில் அதற்கு ஒரு பொருள், ஊர் வாயில் வேறு பொருள். மொழிபெயர்த்தவர் ஊர்ப் பொருளை எடுத்துக்கொண்டார். யுரேனியம் என்ற சொல்லைப் பார்த்து ஊரே ஓடியது. ஒளிப்படக் கருவி என்ற சொல்லை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் தோழிக்குப் போன் போட்டாள். இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஐயோ. கதிரை வச்சு இரும்பைப் படம் எடுக்கற பெட்டிடி அது. அந்தக் கட்டி எடைக்கட்டி இல்லை. உறை. கதிர் வெளியே வராம இருக்கத்தான் அவ்வளவு கனமான உறை. உறைன்னா உள்ளே கத்தி வேணுமே, அது அந்த வளைஞ்ச துளைக்குள்ள இருக்கும்."

"கத்தி எப்படி இருக்கும்?"

"விரல் நீளத்துக்கு ஒரு முறுக்குக் கம்பி. நுனியில சின்னக் குப்பி. அந்தக் குப்பிக்குள்ளதான் எல்லாம். பார்க்க ஒண்ணுமே தெரியாது. பளபளன்னு... என்ன? பேசு. லைன்ல இருக்கியா?"

தன் மேசையில் வந்து விழுந்த சாவிக்கொத்தின் சத்தம் அவள் காதில் இருந்தது. கடைக்காரரின் தொடையில் புண் இருக்கும் இடமும் கால்சட்டைப்பை இருக்கும் இடமும் ஒன்றுதான். யாரும் தொடலைங்க என்று அந்த மனிதர் சொன்னது உண்மை. நாங்க கை வைக்கலை என்று இன்ஸ்பெக்டர் சொன்னது உண்மை. யுரேனியம் என்று கொட்டை எழுத்தில் போட்டானே, அதுகூட உண்மை. எல்லோரும் உண்மை சொல்லியிருந்தார்கள். அவள் ஒருத்திதான் பொய் என்று சொன்னவள்.

"உன் மீட்டர்" என்றாள் கடைசியில். "பேட்டரி மாத்தினியா?"



"மாத்தலை. இங்கே வந்து போட்டேன், தானா ஓடுச்சு. சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன். கதிர் அளவுக்கு மீறிப் போனா இந்தப் பழைய மீட்டருக்கு மூச்சடைச்சுப் போகும்... அப்ப கேரியரோட உள்ளே வந்த அம்மா யாரு?"

*

தெருமுனையில் பால்காரரின் வண்டி நின்றிருந்தது. அதைப் பார்த்ததுமே சல்லடை ஓட ஆரம்பித்தாள்.

வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள். முன்னறையில் தெருவே கூடியிருந்தது. கடைக்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி கடைக்காரரின் மனைவியைக் கட்டிக்கொண்டு, "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனேடி" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு மேலே, கதவோரத்து ஆணியில், சாவிக்கொத்து தொங்கியது. ஜன்னல் வெயில் பட்டு மின்னியது.

இத்தனை நாளும் இவர்களை இந்த வீட்டுக்குள் வரவிடாமல் காத்தது வதந்தி. காற்றில் பரவுகிறது, மண்ணில் இறங்கிவிட்டது என்று அத்தனையும் உளறல். ஆனால் மதில் மாதிரி நின்று காத்தது. அந்த மதிலை டிவியில் நின்று இடித்துத் தள்ளியவள் அவள்தான்.

"எல்லாரும் வெளியே வாங்க" என்றாள் வாசலில் நின்று. "எதையும் தொடாதீங்க. இங்கே கதிர்வீச்சு இருக்கு. வெளியே வாங்க, உடனே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை.

"நீங்கதானே மேடம் ஆபத்தில்லைன்னு சொன்னீங்க?" என்றார் ஒருவர்.

"நேத்துச் சொன்னது பாதிதான். அது உறை. உள்ளே இருந்தது இங்கே..."

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" எதிர்வீட்டுக்காரி எழுந்து நின்றாள். கண்ணீர் காயாத முகத்தில் கோபம். "பாவம், இந்தக் குடும்பம் பட்டதெல்லாம் போதாதா? வதந்தியை நம்பாதீங்க, பரப்பாதீங்கன்னு நீங்களே சொல்லிட்டு, இப்ப நீங்களே வந்து பரப்பறீங்களே, வெக்கமா இல்லை?"

சல்லடை வாயைத் திறந்தாள். உறை, கத்தி, குப்பி, மீட்டர் என்று உண்மை வரிசையாகத் தொண்டை வரை வந்து நின்றது. அதைக் கேட்டு முடிக்கும்வரை இவர்கள் இந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு கேள்வி வரும்.

அவளைத் தள்ளிக்கொண்டு பிளாஷ் முன்னால் வந்தான்.

"பாம்! டைம் பாம்! சமையல்கட்டுல வச்சிருக்கான், முள்ளு ஓடறதை நான் கண்ணால பார்த்தேன், ஓடுங்க!"

அடுத்த கணம் தெருக்காரர் ஒருவர்கூட அங்கே இல்லை. செருப்புகள் மட்டும் கிடந்தன. பால்காரரின் வண்டிகூட எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அடேங்கப்பா" என்றான் பிளாஷ். "எவ்வளவு வேகமா நம்பறாங்க பாஸ்."

கடைக்காரரின் மனைவி மட்டும் ஓடவில்லை. கணவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல நடத்திவந்து, வாசற்படியில் இறக்கினாள். பிளாஷ் அவரைத் தாங்கிக்கொண்டு தெருமுனைப் பக்கம் போனான். அவள் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூட்டணுமே" என்று உள்ளே போய், பழகிய கையால் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அதை எடுக்காதீங்க!"

அவள் அந்த வலது கையில் சாவிக்கொத்தோடு நிலைப்படியில் நின்றாள்.

"கீழே போடுங்க. உள்ளே வீசிட்டு வாங்க. அதுதான். அந்தக் கம்பிதான்."

அவள் கம்பியைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையை. இன்று அதில் கொப்புளங்கள் இருந்தன. தெருவில் ஒரு காலை இழுத்துக்கொண்டு போகும் கணவரை, அவருடைய கால்சட்டையின் வலது பக்கத்தைப் பார்த்தாள். இவை ஒன்றோடொன்று சேருவதைச் சல்லடை அந்த முகத்தில் பார்த்தாள். இதுவரை யாருக்கும் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒரு வழக்கை விளக்கியதில்லை.

சாவிக்கொத்து உள்ளே போய் விழும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு அவள் வெளியே வந்தாள்.

"ராத்திரி தலைமாட்டுல வச்சுத்தான் தூங்குவேன்" என்றாள். "அவர் குடுத்ததுன்னு." சற்று யோசித்து, "உங்க மேசையிலயும் வச்சேனே. உங்களுக்கு ஏதாவது...?"

"எனக்குக் கொஞ்ச நேரம்தான். ஒண்ணும் ஆகாது."

மிச்சம் எத்தனை நாள் என்ற கணக்கை அவள் சொல்லவில்லை. தோழி அதைப் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். தலைநகரத்திலிருந்து கருவிகளோடு ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள், கம்பியைப் பத்திரமாக எடுத்துப்போய்விடுவார்கள், குப்பி உடையாதவரை தெருவுக்கு ஆபத்தில்லை. எடுத்துப்போக வேண்டியதை எடுத்துப்போய்விடுவார்கள். கொடுக்க வேண்டியதைக் கம்பி ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

தூரத்தில், தெருமுனையில், ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிளாஷும் கடைக்காரரும் நெருங்க நெருங்க அது பின்வாங்கியது. கதிர் பட்டவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளாது என்பது உண்மை. அவள் கையில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல உண்மை. அதை இவர்களிடம் யார் சொல்வது? யார் சொன்னால் நம்புவார்கள்?

சல்லடை அந்தப் பெண்ணின் கையை, கொப்புளம் இல்லாத கையை, எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

"பொய்னு சொல்லுங்களேன்" என்றாள் கடைக்காரரின் மனைவி, கணவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே. "நேத்து மாதிரி. ஒரே ஒரு தடவை."

தெரிந்தே ஒரு பொய்யை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் அவளுடைய தொழில், பெயர், எல்லாமே.

"பொய்தாங்க" என்றாள்.

அந்தப் பெண் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, உடைத்த பாத்திரத்தை மறைத்து வைத்துவிட்டு வந்து நிற்கும் குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல், மெல்லத் தலையாட்டினாள்.